ஈசானிய மூலையில் நான்காவது துளை

அக்டோபர் 28, திங்கள்

பெண் பார்க்கப் போகும் முன்பே பத்திரிகை அடித்த கதையாக இருக்கிறது. அந்த நிலத்தில் கட்டடம் நிற்குமா என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போய் இறங்கும்போது வாஸ்து பூஜையே முடிந்து, கற்பூரமும் அணைந்துவிட்டிருந்தது. ஐப்பசி பதினொன்று வாஸ்து நாளாம். விட்டால் கிடைக்காதாம்.

காங்கேயம் போகிற வழியில் ஒரு பெண்கள் கல்லூரி. அதற்குப் பின்னால் மூன்று ஏக்கர் பொட்டல். அங்கே ஐந்து மாடியில் விடுதி வரப்போகிறது, இருநூற்று நாற்பது பிள்ளைகள் தங்க. மண்ணைச் சோதித்து, தண்ணீர், வடிகால், பாதை எல்லாம் பார்த்து, கட்டலாமா கூடாதா என்று சாத்தியக்கூறு அறிக்கை எழுத வேண்டியவள் நான். ஈரோட்டில் சென்னியப்பன் சாரின் ஆலோசனை நிறுவனத்தில் பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

கல்லூரிச் செயலாளர் தெய்வசிகாமணி வாழையிலையில் பொங்கலோடு எதிரே வந்தார். "வாங்க அம்மிணி. டிசம்பர் பன்னெண்டு வானம் தோண்டறோம். மார்கழி பொறந்துட்டா ஆகாது பாருங்க. அதுக்குள்ள ரிப்போர்ட்ட குடுத்துப்போடுங்க." வானம் என்று அவர் சொன்னது அஸ்திவாரக் குழியை.

"கட்டலாம்னு வந்தாத்தானுங்களே தோண்டறது?" என்றேன்.

சிரித்தார். "நம்மூட்டுப் புள்ள நீங்க. வராமயா போயிரும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொங்கல் நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு சிவந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குழந்தைவேல், "ரிப்போர்ட்டு எழுதற கை, முறுக்குக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே பாதி டப்பாவைக் காலி செய்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

சோதனைத் துளை போட ஆரம்பித்தோம். எங்கள் வேலையில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்று இரும்புக் கால்களை முக்காலியாக நட்டு, மண்ணில் குழாயை நிறுத்தி, அறுபத்து மூன்றரைக் கிலோ குண்டைத் தூக்கித் தூக்கி அதன் தலையில் போடுவது. குழாய் முப்பது சென்டிமீட்டர் (ஒரு முழம்கூட இல்லை) இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவது. நிறைய அடி வாங்கினால் கெட்டி நிலம். சும்மா இறங்கினால் ஆபத்து.

துளை போடும் ஆட்களுக்குத் தலைவர் மாரப்பண்ணன். முப்பது வருடமாகக் குண்டு தூக்குகிறவர். குழாய் இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

இன்று மூன்று துளை முடிந்தது. வெயில் என்றால் வெயில், ஐப்பசியா சித்திரையா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன்.

நவம்பர் 6, புதன்

நான்காவது துளையும் முடிந்தது.

அது வடகிழக்கு மூலை, ஈசானிய மூலை. பூஜை போட்ட இடம். மூன்று செங்கல், மஞ்சள் துணி, காய்ந்த பூ. செயலாளரும் கல்லூரி ஆட்கள் ஏழெட்டுப் பேரும் அங்கே நின்றார்கள். "பாலு ஊத்துன எடத்துல ஓட்டை போடறதாவது?" என்று அவர்களுக்குள் ஒரே பேச்சு. மாரப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயோடு நின்றார். கடைசியில் ஏழு மீட்டர் தென்மேற்கே தள்ளிப் போட்டாயிற்று. ஏழு மீட்டர் என்பது ஒரு லாரி நீளம். அதற்குள் பூமி என்ன தலைகீழாகவா மாறிவிடும்?

கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. அடுத்த வாரம் பல் டாக்டர்.

நவம்பர் 8, வெள்ளி

நான்கிலும் நல்ல முடிவு. மூன்று மீட்டரிலேயே பாறை. ஐம்பது அடி வாங்கியும் குழாய் அசையவில்லை. சென்னியப்பன் சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், எல்லாருக்கும் இஞ்சி டீ வாங்கித் தந்தார்.

நவம்பர் 16, சனி

அறிக்கை எழுதுகிறேன். மண் பகுதி முடிந்தது. நிலப்படத்தில் நான்கு துளைகளையும் குறித்தேன். நான்காவதை முதலில் திட்டமிட்ட மூலையிலேயே விட்டுவிட்டேன். படத்தை வரையும் தம்பி லீவில் இருக்கிறான், ஒரு புள்ளிக்காக அவனைக் கூப்பிடுவானேன்.

நிலத்தின் பழைய அளவைப் படத்தைத் தாலுகா ஆபீஸில் வாங்கிப் பார்ப்பது வழக்கம். இந்த முறை கல்லூரியே ஒரு நகல் கொடுத்துவிட்டது. மை கலங்கிய நகல். நிலத்தின் எல்லைக்கோடு தெரிகிறது, போதும்.

நவம்பர் 20, புதன்

இரண்டு நாள் மழை. வடிகால் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். பொட்டல் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஈசானிய மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. பூஜைச் செங்கல் மூன்றும் அரைச்சாண் உள்ளே போயிருந்தன. காவலாளி, "பாருங்க, சாமி ஏத்துக்கிச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜைக்குக் கிளறின மண் மழைக்கு இறங்கியிருக்கும். வேறு என்ன.

நவம்பர் 25, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. கட்டலாம். இரண்டு மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரம் போதும். என் கையெழுத்து, அதன் கீழே சாரின் கையெழுத்து.

டிசம்பர் 2, திங்கள்



குடிநீர்ச் சோதனை முடிவைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போனவள், எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு டிப்பர் டிரைவர், நாச்சிமுத்து என்று பேர். பன்னிரண்டாம் தேதிக்கு ஜல்லி இறக்க வந்தவர். பேச்சு எங்கெங்கோ போய் விடுதிக்கு வந்தது.

"இந்த நெலத்துக்கு நான் பழைய ஆளுங்க. கெணத்த மூடுனதே நாந்தானுங்களே" என்றார்.

"எந்தக் கெணறு?"

"அட, அந்தப் பூசை போட்டாங்க பாருங்க, அந்த மூலைல. பழைய ஓனரு நெலத்த விக்கறப்ப மூடச்சொன்னாரு. எட்டு வருசம் ஆச்சுங்க. அறுவதடிக் கெணறு. இருநூறு லோடு போச்சு. இடிச்ச ஊட்டுக் கல்லு, தேங்கா மட்டை, கரும்புச் சக்கை, கைக்குக் கெடச்சதெல்லாம் கொட்டுனோம்."

"மேல?"

"மேல ரெண்டு ஆள் ஒசரத்துக்கு நல்ல கிராவலுங்க. ரோலர் உட்டு அழுத்திப்போட்டோம். யாரு பாத்தாலும் கெணறுன்னு சொல்ல மாட்டாங்க!" அவருக்கு அதில் ஒரே பெருமை.

டீயைக் குடிக்க முடியவில்லை. வைத்துவிட்டு எழுந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிரைவர் டீக்கடைல சொன்னான்னு ரிப்போர்ட்ட மாத்தறதா அமுதா? தோண்டறப்ப தெரியும். அப்பப் பாத்துக்கலாம்."

"தெரியாதுங்க சார். நாம சொன்னது ரெண்டு மீட்டர். கிராவல் அதுக்கும் கீழ வரைக்கும் இருக்குது. கெட்டியாத்தான் தெரியும். அது மேல தூண நிறுத்திருவாங்க."

"நாலாவது துளைல கல்லு வந்துச்சுல்ல?"

நான் குனிந்து நிலப்படத்தைப் பார்த்தேன். அவர் முகம் மாறியது. "எங்க போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஏழு மீட்டர் என்றேன். படத்தில் மாற்றவில்லை என்பதையும் சொன்னேன்.

கண்ணாடியை மறுபடி கழற்றி மேசையில் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம், அதுவும் சாதாரணப் பூசணிக்காய் இல்லை. அறுபதடி.

டிசம்பர் 4, புதன்

சார் மாரப்பண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். கதவைச் சாத்தாமலே கத்தினார். குறித்த இடத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குத் துளை போட்டது அவர் தப்பாம். இனி இந்த நிறுவனத்தில் அவருக்கு வேலை இல்லையாம்.

மாரப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். "மேடம், நீங்க அங்கதான இருந்தீங்க?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் அங்கே இருந்தேன் என்பது உண்மைதான். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆனால் அன்று ஏகப்பட்ட பேர் ஏகப்பட்டது பேசினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது யாருக்கு ஞாபகம்?

ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் போனேன். நகல் கேட்டு இரண்டு மணி நேரம் நின்றேன். தெளிவான படம் கிடைத்தது. வடகிழக்கு மூலையில் சின்னதாக ஒரு வட்டம், கிணற்றுக்கு உரிய குறி. பளிச்சென்று இருக்கிறது.

அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிணறு வெட்டினவன் சும்மா அந்த மூலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. தண்ணீருக்கு ஈசானியம்தான் உகந்தது என்று யாரோ சொல்லி வெட்டியிருக்கிறான். பூஜைக்கும் ஈசானியம்தான் உகந்தது. ஆகவே நம் ஊரில் ஒரு நிலத்தில் பழைய கிணறு இருக்குமென்றால் எங்கே இருக்கும்? துளை போட விடமாட்டேன் என்பார்களென்றால் எங்கே விடமாட்டார்கள்? ஒரே இடம்! பதினாறு வருடம் இந்த மண்ணில் வேலை பார்க்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சிமெண்டு வாசனை தெரியாதவருக்குக்கூடத் தெரியும்.

இன்னும் ஆறு நாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

சென்னிமலைக்குப் பக்கத்தில் மாரப்பண்ணன் வீடு. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. மாரப்பண்ணன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த மூலைல ஒரு துளை போடோணும். உங்களாலதான் ஆகும்."

"எனக்கு வேலை இல்லைன்னு சொல்லிப்போட்டாங்களே மேடம்."

"நான் கூப்பிடறேன். என் பொறுப்பு."

அவர் தழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லட்டுங்களா? செயலாளரு வேண்டாம்னாரு. நான் உங்களப் பாத்தேன். 'மேடம், குறிச்ச எடம் இதுதான், போடட்டுங்களா?'ன்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். நீங்க 'தள்ளிப் போடுங்கண்ணா, பரவால்ல'ன்னீங்க. சாமிக்குப் பயந்து நான் தள்ளிப் போட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் சாமி பயம் உண்டுதான். ஆனா சொல்லாம நகத்தற ஆளா நானு?"

ஆட்டைப் பார்த்துக்கொண்டே, "செயலாளருகிட்ட நீங்களே சொல்லுங்க, யாரு சொன்னதுன்னு. அப்புறம் வர்றேன்" என்றார்.

ஆமாம். இரண்டு முறை கேட்டார். "பரவால்ல" என்றேன். எழுதிவிட்டேன். போதுமா?

டிசம்பர் 9, திங்கள்

செயலாளர் வீட்டு முன்கூடத்தில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. படத்தைக் காட்டினேன். டிரைவர் சொன்னதைச் சொன்னேன். துளையைத் தள்ளிப் போடச் சொன்னது நான்தான், மாரப்பன் இல்லை என்றேன். கடைசி வார்த்தையைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"பூசை போட்ட எடத்துல ஓட்டையா?" என்றார். பிறகு படத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுக்கங்க. கல்லு வந்துச்சுன்னா, பன்னெண்டாந்தேதி நானு தோண்டுவேன். அப்புறம் நீங்க எந்தக் கட்டடத்துக்கும் போவாத மாதிரி பண்ணிப்போடுவேன். ஏனுங்க, புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க."

மாரப்பண்ணனுக்குப் போன் செய்தேன். "காலைல ஏழு மணிக்கு வந்தர்றேன்" என்றார்.

டிசம்பர் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாரப்பண்ணன் முதலில் செருப்பைக் கழற்றினார். செங்கல் மூன்றையும் எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, வேப்ப மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் சார் காரை விட்டு இறங்கவே இல்லை.

ஒன்றரை மீட்டர் ஆழம். குண்டு விழ விழ மாரப்பண்ணன் எண்ணினார். இருபத்திரண்டு அடி. நல்ல கெட்டி. மூன்று மீட்டர். முப்பத்தொன்று. செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னச் சிரிப்பு. டிரைவர் சும்மா அளந்துவிட்டிருந்தால்? தாலுகா ஆபீஸில் வேறு நிலத்துப் படத்தைக் கொடுத்திருந்தால்? அட ஆண்டவா, கல் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற இஞ்சினியர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுத்த நொடியே, கல் வந்துவிடட்டும், என் பிழைப்பு போனாலும் போகட்டும், கீழே கிணறு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்றும் வேண்டினேன்.

நாலரை மீட்டர். குண்டு விழுந்த சத்தமே வேறு. பானைக்குள் தட்டின மாதிரி. மாரப்பண்ணன் தலையை நிமிர்த்தினார். "நாலு" என்றார். நாலே அடி. செயலாளர் எழுந்து கிட்டே வந்தார்.

ஆறு மீட்டர். "ரெண்டு."

ஏழரை மீட்டருக்குக் குழாயை இறக்கும்போது மாரப்பண்ணன், "கைய எடுங்கடா!" என்று கத்தினார். குண்டே போடவில்லை. குழாய் தன் பாரத்திலேயே, யாரோ கீழே இருந்து இழுப்பதுபோல, வழுக்கிக்கொண்டு போனது. ஒரு ஆள் உயரம் போய்த்தான் நின்றது.

மேலே இழுத்து, இரண்டாகப் பிரியும் அந்தக் குழாயைத் திறந்தோம். கறுத்துப்போன தேங்காய் மட்டை. கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அழுகின நாற்றம்.

செயலாளர் அதைக் கையில் வாங்கினார். வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்பு. "இது மேலயா அஞ்சு மாடி" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, மட்டையிடம் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் வேண்டாம்னேன். ஒத்துக்கறேன். எனக்கென்ன தெரியும்? தெரிஞ்ச நீங்க ஏனம்மா தலையாட்டுனீங்க?"

எட்டுப் பேர் நின்றார்கள். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. சாமி மேல் பழி போடலாம், மாரப்பண்ணன் மேல் போடலாம், வெயில் மேல் போடலாம்.

"உங்ககூட மல்லுக்கட்ட அலுப்பா இருந்துச்சுங்க" என்றேன். "எல்லாரு முன்னாலயும் எதுத்துப் பேசோணும். பேசுனா அன்னிக்கு வேலை நின்னுரும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு ஊட்டுக்குப் போகோணும்னு தோணுச்சு. அவ்வளவுதாங்க."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மாரப்பண்ணன் தன் துண்டை நீட்டினார். அதில் கிரீஸ் வாசனை.

டிசம்பர் 11, புதன்

புது அறிக்கை எழுதினேன். இந்த இடத்தில் கட்டக்கூடாது. மேற்குப் பக்கம் தள்ளினால் கட்டலாமா என்று முதலிலிருந்து சோதிக்க வேண்டும். முன்னதில் என்ன தவறு என்பதற்குத் தனிப் பக்கம். துளையை நகர்த்தச் சொன்னதும், படத்தில் திருத்தாததும், பழைய படத்தைப் பார்க்காததும் அமுதவல்லி என்று என் பெயரையே எழுதினேன்.

சார் அந்தப் பக்கத்தில் விரல் வைத்தார். "இங்க 'துளை போட்ட ஆட்கள்'னு போட்டா முடிஞ்சுது அமுதா. நீயும் இருப்ப, நானும் இருப்பேன்."

"மாட்டேனுங்க சார்."

"அப்ப நாளைக்கு இதக் குடுத்துட்டு, அப்படியே ஊட்டுக்குப் போயிரு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். குழந்தைவேல், "இனி முறுக்கு ஒழுங்கா வருமாக்கும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்தார்.

டிசம்பர் 12, வியாழன்

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஒன்பதரைக்கு அந்தப் பொட்டலில் யாரும் இல்லை. அறிக்கையைச் செயலாளர் கையில் கொடுத்தேன். இந்த முறை என் பெயர் இருந்த பக்கத்தை நின்றபடியே முழுதாகப் படித்தார். மேற்கே சோதனை போட மாரப்பண்ணனிடமே சொல்லிவிட்டாராம். "சோதனை முடிஞ்சு சொல்லட்டும். அப்புறம் ஐயரக் கூப்பிடறேன்" என்றார். என்னை வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். பரீட்சை முடிந்து தாராபுரம் பக்கம் போகிறவர்கள். ஒருத்தி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி வர்றேன். அடுத்த வருசம் ஹாஸ்டல் வந்துரும்னு எங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கறேன். யாரோ இஞ்சினியரம்மா வந்து நிறுத்திப்போட்டாங்களாமா."

"நான்தான் கண்ணு" என்றேன்.

மற்ற பிள்ளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் மட்டும் முகம் சிவந்து, ஆனாலும் விடாமல், "ஏனுங்க்கா நிறுத்துனீங்க?" என்றாள்.

கீழே மூடின கிணறு இருக்கிறது, மேலே கட்டினால் அந்தப் பக்கம் உள்ளே போய்விடும் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். புத்தகப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"ஆனா, கீழ என்ன இருக்குதுன்னு முன்னாடியே பாத்துச் சொல்றதுக்குத்தானுங்க்கா உங்கள வரச்சொன்னாங்க?"

"ஆமா கண்ணு. அதுக்குத்தான் வரச்சொன்னாங்க."

பஸ் வந்தது. அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு முண்டியடித்து ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள்.